ஆமென் சொன்னது யாரு

எங்கள் சபையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. பாட்டில் ராகம் தப்பலாம், பிரசங்கத்தில் தூங்கலாம், காணிக்கைப் பை நெருங்கும்போது கண்ணை மூடித் தியானத்தில் மூழ்கிவிடலாம். அதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவே மாட்டார். தூக்கத்தில் அவரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஆனால் ஜெபம் முடியும்போது ஆமென் என்று வாயைத் திறந்தோமோ, தொலைந்தோம். கூட்டம் கலைந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு குடைக்காம்பு நம் தோளைத் தட்டும். ஆமென் சொன்னது நீதானே, எப்போது போகலாம் என்று கேட்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கும் அக்கா, பல்லில்லாத மூப்பர்களுக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் மட்டும் 'கம்ப்ளெயின்ட் அக்கா'. காரணம், திருவனந்தபுரத்துக் குடிநீர் ஆபீசில் புகார்களை வாங்கும் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். குழாயில் காற்றுதான் வருகிறது, தண்ணீரில் புழு வருகிறது, ரோட்டில் பைப் உடைந்து ஆறாக ஓடுகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையாளத்திலும் தமிழிலும் ஜனங்கள் வந்து திட்டுவதைக் கேட்பது அவர் வேலை. நல்ல உயரம், கட்டைக் குரல். மழை வெயில் என்ற பேதமில்லாமல் கறுப்பு ஆண்கள் குடை. கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கையில் அவர் மட்டும் திறந்துகொண்டிருப்பார். கண்ணை மூடினால் தூக்கம் வந்துவிடும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்.

நாங்கள் எல்லாரும் குமரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து கரமனை, கைமனம், பாப்பனங்கோடு என்று தங்கிவிட்ட குடும்பங்கள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டோம், அதனால் அதைப்பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஞாயிறு காலை ஆராதனை, மத்தியானம் இறைச்சிக்கறி, சாயங்காலம் டிவியில் படம். வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், முடிந்ததும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஏத்தம்பழ அப்பமும் சாயாவும். அப்பம் நன்றாக இருக்கும் வீட்டில் ஆவியானவர் கொஞ்சம் தாராளமாக அசைவாடுவார் என்று அம்மா சொல்வாள்.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த சபைக்குத்தான் அக்கா தொந்தரவாக வந்து வாய்த்தார். ஜெபம் என்றால் அவருக்கு ஆபீஸ் நினைவுதான். தண்ணீர் வரவில்லை என்று எழுதி வைத்தால் தண்ணீர் வந்துவிடுமா, யாராவது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போக வேண்டாமா என்பார். ஆமென் சொன்னவர்கள் எல்லாம் அவர் கணக்கில் லைன்மேன்கள்.

மாதர் சங்கத்தில் ஒரு பேங்க் மேனேஜரின் மனைவி இருந்தார். சில்லறையாக ஜெபிக்கவே மாட்டார், எல்லாம் மொத்த வியாபாரம். அநாதைகள், விதவைகள், சிறையில் இருப்போர், கடலில் பயணம் செய்வோர், கைவிடப்பட்டோர் என்று உலகத்துக் கஷ்டத்தையெல்லாம் ஒரே மூச்சில் வாரிக் கட்டி ஆண்டவரின் தோளில் ஏற்றிவிட்டு, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொள்வார். ஒரு கூட்டத்தில் அப்படி ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலையில் அவர் வீட்டு கேட்டில் அக்கா நின்றார். பக்கத்தில் ஒரு கிழவி, கையில் துணிமூட்டை. மகனோடு கட்டிட வேலைக்கு வந்த இடத்தில் மகன் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கிழவிக்குப் படுக்க இடமில்லை. மேனேஜர் மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்தாராம். "நேத்து விதவைகளக் கேட்டீங்கல்லா. மொத்தமா அனுப்பினா உங்க வீடு தாங்காதுன்னு ஆண்டவரு ஒரு சாம்பிள் அனுப்பியிருக்காரு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நேரமாகிறது என்று அக்கா பஸ் ஏறிப் போய்விட்டார்.

கிழவி அந்த வீட்டில் மகனின் கால் கூடும் வரை இருந்தாள். அவள் வைத்த கருவாட்டுக் குழம்புக்கு மேனேஜர் அடிமையாகிவிட்டார் என்பது தனிக்கதை. ஆனால் அவர் மனைவி அதற்குப் பிறகு ஜெபத்தில் கடலில் பயணம் செய்வோரை மட்டும்தான் நினைவுகூர்ந்தார். அவர்களைக் கொண்டுவந்து வீட்டில் விடமுடியாது அல்லவா.

விஷயம் பரவியது. கோயிலில் ஆமென் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த அய்யர், எங்களவர்கள் போதகரை அப்படித்தான் சொல்வார்கள், முதல் ஞாயிறு கணீரென்று ஜெபித்துவிட்டுச் சபையின் ஆமெனுக்குக் காத்திருந்தார். மின்விசிறிகளின் சத்தம்தான் கேட்டது. அவர் பயந்துபோய் கமிட்டியைக் கூட்டி, இந்தச் சபையில் பிரிவினை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்களுக்கே தெரியவரும் என்று சொல்லிவிட்டார்கள்.

தெரியவந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பனியிலும் குளிரிலும் வாடும் நம் ஜனங்களைத் தேற்ற ஒருவரும் இல்லையே என்று அய்யர் ஒரு ஞாயிறு குரல் தழுதழுக்க ஜெபித்து, வேறு யாரும் சொல்லாததால் ஆமெனையும் தானே சத்தமாகச் சொன்னார். வாசலில் கை குலுக்கும் இடத்தில் அக்கா அவர் கையை விடவில்லை. மலைக்குப் போகும் பஸ் நேரங்களை விசாரித்தாகிவிட்டது, சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய்விட்டு வரலாம் என்றார். போனார்கள். அய்யரின் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப்போட அங்கிருந்த பிள்ளைகள் போட்டி போட்டன என்று திரும்பி வந்து அக்காவே சொன்னார். அங்கே ஒரு வீட்டில் முட்டைக்கோஸ் தோரனும் சோறும் போட்டார்களாம், இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதே இல்லை என்று அய்யர் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அவராகவே போக ஆரம்பித்தார், உப்பும் புகையிலையும் பையில் போட்டுக்கொண்டு. அவருடைய ஜெபம் சுருங்கிப்போனது. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு சீக்கிரம் ஆனதில் சபையாருக்கு ரொம்ப சந்தோஷம்.

அக்காவை ஏதோ பரிசுத்தவாட்டி என்று நினைத்துவிடக் கூடாது. சக்கைப்பழ சீசனில், பலாவைத்தான் சொல்கிறேன், அவரைப் பழத்துக்குப் பக்கத்தில் தனியாக விடமுடியாது. புறம் பேசுவதில் ராணி. அவருடைய மேலதிகாரியான ஒரு இன்ஜினியரை அவருக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும் இடம் வரும்போது வாயை இறுக்கிக்கொள்வார். ஏன் அக்கா என்று கேட்டால், அந்த ஆளுக்கு நல்லது நடக்க எனக்கு மனசில்லை, பின்னே வெறுமனே எதற்கு ஆண்டவரிடம் பொய் சொல்ல என்பார். மனசில்லாத இடத்தில் ஆமெனும் இல்லை. அந்த நேர்மையைக் கண்டுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் பயம் இருந்தது, பாசம் அதைவிட அதிகமாக இருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பா அரசாங்க அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஜெபத்தில்கூட ஒரு கமா பிசகாது. சபையில் கல்யாணம், கருமாதி, வீடு பால்காய்ச்சு, எதற்கும் அப்பாவின் ஜெபம் இல்லாமல் முடியாது. மகிமையும் கனமும் பொருந்திய எங்கள் பரம பிதாவே என்று அவர் ஆரம்பித்தால் குழந்தைகள் அழுகையை நிறுத்தும். ஒரே ஒரு குறைதான். கூடப்பிறந்த ஒரே தம்பியோடு அவர் பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

சித்தப்பா பாப்பனங்கோட்டில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர். ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அவித்த கடலை வாங்கித் தருவார். திடீரென்று அவருக்கு ஒரு பெந்தெகொஸ்து சபையில் பழக்கம் ஏற்பட்டது. சின்னப் பிள்ளையில் நெற்றியில் தண்ணீர் தெளித்தது செல்லாது என்று சொல்லி, கரமனை ஆற்றில் முங்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அந்தச் சபையில் நகை கூடாது என்று சித்தி தாலியையும் கம்மலையும் கழற்றி வைத்தாள். அப்பா கொதித்துப்போனார். அப்பனும் பாட்டனும் எடுத்த ஞானஸ்நானம் பொய்யா என்று நடுவீட்டில் நின்று கேட்டார். நீ எடுத்தது ஞானஸ்நானம் இல்லை, மூஞ்சி கழுவினது என்றார் சித்தப்பா. நீ எடுத்தது குளி என்றார் அப்பா. அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

ஒருத்தர் மூஞ்சி கழுவினார், ஒருத்தர் குளித்தார், இரண்டு பேருக்கும் அழுக்கு மட்டும் போகவில்லை என்பாள் அம்மா. சித்தப்பாவின் ஸ்கூட்டர் எங்கள் தெருமுனையில் போகும் சத்தம் கேட்டால் அப்பா பேப்பரைத் தாழ்த்திக் காது கொடுப்பார். சத்தம் தேய்ந்ததும் பேப்பரைத் தூக்கிக்கொள்வார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இந்த நிலைமையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நாகர்கோவில். மண்டபம் பார்த்தாயிற்று, பந்தி பேசியாயிற்று. யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது அப்பா ஒரு பெயரை மட்டும் தாண்டிப் போனார். கோயிலுக்குள் நான் நுழையும்போது சித்தப்பா அங்கே நிற்கவில்லை என்றால் அது என் கல்யாணமே இல்லை என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்டேன். அவன் நம்ம கோயிலைச் செத்த சபை என்று சொல்கிறவன், தாலி கட்டுவதைப் பாவம் என்கிறவன், அவன் வருவானா, கூப்பிட்டு நான் அவமானப்படணுமா என்றார். சித்தி மூலம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் நேரில் வந்து கூப்பிடட்டும், அப்போது யோசிக்கலாம் என்று பதில் வந்தது.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் அக்கா எதிரே வந்தார். கல்யாணப்பெண் முகம் ஏன் இப்படித் தொங்கிக் கிடக்கிறது என்று கேட்டார். சித்தப்பா வரவேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்களவர்களுக்கு அது ஒரு விடைபெறும் வார்த்தை. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு ஜெபிக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டு இரண்டு பேரும் அவரவர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும், அதோடு தீர்ந்தது. அக்காவிடம் அது நடக்காது. வீட்டுக்குப் போனால் மறந்துவிடும் என்று குடையை என் கையில் தந்துவிட்டு, கரமனை பஸ்ஸுக்கும் வேளி பஸ்ஸுக்கும் நடுவில் நின்று அந்தக் கட்டைக் குரலில் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க சித்தப்பன் கல்யாணத்துக்கு வரணும். ரெண்டு கெழவனுக்கும் வீம்பு. அத நீரு பாத்துக்கிடும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்." கண்டக்டர் மணியடிக்காமல் நின்று பார்த்தார். கடலை விற்பவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டார். எனக்கு பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது. ஆமென் சொன்னேன்.

சொன்னதும்தான் உறைத்தது. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம் என்றால் நானும் அதில் சேர்த்தி. வருகிற வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் உங்கள் வீட்டில், ஏத்தம்பழ அப்பம் நிறையச் சுடச் சொல் என்று உத்தரவு போட்டுவிட்டு அக்கா பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். கல்யாண வீடல்லவா, எல்லாருக்கும் அப்பத்தின்மேல் நம்பிக்கை. பாட்டு, வேத வாசிப்பு எல்லாம் முடிந்து அப்பா எழுந்து நின்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல அபிஷேகம். மகளின் மணவாழ்வைத் தொட்டு, தேசத்தைத் தொட்டு, மழையைத் தொட்டு, கடைசியாக, உடைந்துபோன குடும்பங்களைக் கட்டியருளும், பிரிந்து கிடக்கும் சகோதரர்களை ஒன்று சேர்த்தருளும் என்று ஏறி இறங்கும் குரலில் முடித்தார். அந்த ராகத்தில் எல்லாரும் எச்சரிக்கையை மறந்து ஆமென் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் ஆமென்தான் எல்லாவற்றிலும் பெரியது.

சாயா வந்தது. அக்கா தம்ளரை வாங்கி முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, பிரிஞ்சு கெடக்குத சகோதரங்கன்னு சொன்னீங்கல்லா. யாரையாக்கும் சொன்னீங்க?"

பொதுவாகச் சொன்னது அக்கா, உலகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன என்று அப்பா இழுத்தார்.

"பொதுவா எங்கயும் பைப் உடையாது, தம்பி. ஒரு வீட்டு நடைக்கு முன்னாலதான் உடையும். அட்ரஸ் சொல்லணும்."

யாரும் அப்பத்தைக் கடிக்கவில்லை. அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பாப்பனங்கோடு, பேட்டரிக் கடைக்குப் பின்னால, மஞ்சள் கேட்டு." கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் ஜெபத்துக்கு அவள் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னது அதுதான். நாளைக்குக் காலையில் வருகிறேன், சட்டை மாற்றி நில்லுங்கள் என்று அக்கா சாயாவை எடுத்துக்கொண்டார்.

அந்த ராத்திரியே அப்பாவுக்கு முட்டுவலி வந்துவிட்டது. காலையில் அக்கா வந்தபோது தைலம் தடவிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நேற்று முழங்காலில் நிற்கும்போது இந்த வலி எங்கே போயிருந்தது என்று அக்கா கேட்டார். அப்பா தைலப் புட்டியை மூடிவிட்டு எழுந்து சட்டையைத் தேடினார். அம்மா ரொம்பச் சமர்த்தாக, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கிருந்து ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். அக்கா அவளைப் பார்த்தார். அம்மா பேசாமல் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் பின்னால் மூன்று பேர், நான் டிரைவரின் சீட்டு நுனியில். வழி முழுக்க அப்பா தன் பிரஷரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு தூங்கிவிட்டார்.

சித்தப்பா வீட்டில் சனிக்கிழமை உபவாச ஜெபம் என்பது எங்களுக்கு நினைவில்லை. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே கைத்தட்டல், கஞ்சிரா, அல்லேலூயா. கேட்டைத் திறந்து உள்ளே போய் ஜன்னலுக்கு அருகில் நின்றோம். பாட்டு அடங்கியது. சித்தப்பா ஜெபிக்கத் தொடங்கினார். அந்தக் குரலை நான் வருஷங்களாகக் கேட்டிருக்கவில்லை.

"ஆண்டவரே, என் அண்ணனைப் பாரும். பரம்பரைப் பெருமையில செத்துக் கெடக்கான்" என்றார். ஆமென் என்றது கூட்டம். "மூஞ்சி கழுவினத ஞானஸ்நானம்னு நம்பி ஏமாந்து நிக்கான்." அதற்கும் ஆமென். அப்பாவின் காது மடல் சிவந்தது. விறுக்கென்று திரும்பி ஆட்டோவைத் தேடினார். அது போயிருந்தது. அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே சித்தப்பாவின் குரல் கம்மியது. "எனக்கு அவன் ஒருத்தன்தான், ஆண்டவரே. அவன் காலை இந்த வீட்டுப் பக்கம் திருப்பும். இந்த நடையில ஒரு தடவை அவன் ஏறி நான் பாக்கணும்." கூட்டம் சத்தமாக ஆமென் சொன்னது. அப்பா அம்மாவின் பிடியிலிருந்து சட்டையை இழுப்பதை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

அக்கா குடைக்காம்பால் ஜன்னல் கம்பியில் தட்டினார். "ஆமென் சொன்னது யாரு? எல்லாரும் வெளிய வாங்க. கால் வந்திருக்கு."

வெள்ளை உடுத்த பெண்களும் ஆண்களும் நடைக்கு வந்தார்கள். கடைசியாகச் சித்தப்பா, கண் ஈரத்தோடு. தலை நன்றாக நரைத்திருந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். எதற்கு வந்தாய் என்று சித்தப்பா கேட்டார். என்னைப்பற்றி ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல், கேட்கிறேன் என்றார் அப்பா. அதற்குள் சித்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டதால் எல்லாரும் உள்ளே போக வேண்டியதாயிற்று.

அவர்களுடைய பாஸ்டர் மெலிந்த இளைஞர், மலையாளி. இரண்டு பேரும் இரண்டு மூலையில் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பிரதர் வந்ததல்லே, ஒரு பிரார்த்தனை செய்யணும்" என்று அப்பாவிடம் கையைக் காட்டினார்.

அப்பா எழுந்தார். மகிமையும் கனமும் பொருந்திய என்று ஆரம்பித்தார். எதிரே அக்கா பாயில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. பிறகு, அந்த ஏறி இறங்கும் குரல் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "ஆண்டவரே, என் மக கல்யாணத்துக்கு இவன் வரணும். அங்க தாலி இருக்கும், நகை இருக்கும், இவனுக்குப் பிடிக்காது. அதையும் பாத்துக்கிட்டு என் பக்கத்துல நிக்கணும். இவன்ட்ட நேருல கேக்க எனக்கு நாணமா இருக்கு. அதனாலயாக்கும் உம்ம கிட்ட சொல்லுதேன். ஆமென்."

சித்தப்பா சபைக்காரர்கள் தும்மலுக்கும் ஆமென் சொல்கிறவர்கள். அன்றைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பதில் யாரிடமிருந்து வரவேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பாஸ்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை இறுக மூடியிருந்தார். தாடை அசைந்துகொண்டே இருந்தது. சொல்லிவிட்டால் வரவேண்டும், கோயிலில் நிற்கவேண்டும், சபையில் நாலு பேருக்குப் பதில் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் அவர் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லுங்க சித்தப்பா, சொல்லுங்க என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா யாரையும் அவசரப்படுத்தவில்லை, சித்தப்பாவின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்" என்றார் சித்தப்பா.

அப்பா தடுமாறி அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். சித்தப்பா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அப்பாவின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா முங்கி எடுக்குததுதான் ஞானஸ்நானம், கேட்டியா" என்றார்.

"அதுக்கு நான் ஆமென் சொல்லமாட்டேன், லே" என்றார் அப்பா, கையை விடாமல்.